கணக்கில் வராத அக்கா

அத்தியாயம் 11

"அவங்க இங்க அட்மிட்டே ஆகலையே மேடம்!"

நர்ஸ் டெல்ஃபீன் இப்படிச் சொன்ன இடத்தில்தான் போன வாரம் கோரீனை விட்டுவிட்டு வந்தோம். நமக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே வெள்ளிக்கிழமைக் காலை, அதே நீல வார்டு, அக்காவின் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அதே திகைப்பு.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோரீன் டூசே, லூசியானாவில் பாயூ க்ளேர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகத் துறையின் தலைவி. அவளுடைய அக்கா ஓசீத், பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் அதிகம். அக்காவின் ஒரே மகன் லூசியன் சித்தியிடமே படித்து, இன்று இதே செயின்ட் ஓடீல் மருத்துவமனைக்குத் தலைமை நிர்வாகியாக இருக்கிறான்.

இன்று மாலை பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் விழா. ஆண்டின் சிறந்த பழைய மாணவர் விருது லூசியனுக்கு. சிறந்த ஆய்வுக்கான விருது கோரீனுக்கு. ஆய்வும் லூசியனின் மருத்துவமனையைப் பற்றியதுதான். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்து படுப்பது செயின்ட் ஓடீலில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று நிரூபித்த ஆய்வு அது.

அப்படி ஒரு மாதத்துக்குள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து படுத்திருப்பவள் லூசியனைப் பெற்ற தாய்.

"அட்மிட் ஆகலைன்னா? மூணு நாளா கட்டில்ல படுத்திருக்காங்க. கையில ஊசி ஏறிட்டிருக்கு. மூணு வேளையும் உங்க சமையல்தான் சாப்பிடறாங்க!" என்றாள் கோரீன்.

"அந்த உப்பில்லாத கண்றாவிக்கு சமையல்னு பேர் வேறயா?" என்றாள் ஓசீத் கட்டிலிலிருந்து.

"கண்காணிப்புல இருக்காங்க மேடம்," என்றாள் டெல்ஃபீன் தாழ்ந்த குரலில். "ஒரு மாசத்துக்குள்ள திரும்பி வர்றவங்க எல்லாரையும் நேரா இந்த நீல வார்டுக்குத்தான் கொண்டுவருவோம். இங்க வச்சு பார்த்துக்குவோம். அட்மிஷன் போடமாட்டோம். நம்ம சார் வந்த வருஷத்துலேர்ந்தே இதான் வழக்கம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியுமா? கண்காணிப்பு என்றால் என்ன, அட்மிஷன் என்றால் என்ன என்று வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குகிறவளே அவள்தான். அதில் என்ன சந்தேகம்? ஆனால் திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைப்பார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. ஆய்வில் அவள் எண்ணியது, மறுபடி அட்மிட் ஆனவர்களை மட்டும். நீல வார்டில் படுத்தவர்கள் அவள் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை.

நோயாளிகள் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்கள். முன்பு எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை பேரும்.

 கோரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடி முழிக்கிற? படுத்திருக்கறது நானா நீயா?" என்றாள் ஓசீத். முகம் வீங்கி, பாதம் இரண்டும் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தது. இருந்தாலும் பக்கத்துக் கட்டில் கிழவியோடு பூரே சீட்டு ஆடுவதை நிறுத்தவில்லை. "இந்தம்மா என்னை ஏமாத்தறா, அதைக் கேளு முதல்ல."

இதிலிருந்த பெரிய சிக்கல் ஆய்வு கூட இல்லை. நேற்று சாயங்காலமே டாக்டர் கோரீனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். ஓசீத் நேராக வீட்டுக்குப் போகக்கூடாது. ஆட்கள் கூடவே இருந்து, எடை பார்த்து, மருந்து கொடுத்து, நடக்கப் பழக்கும் ஓர் இல்லத்தில் சில வாரம் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் நுரையீரலில் மறுபடி நீர் கோக்கும். அடுத்த தடவை வந்து சேர நேரம் இருக்குமோ இருக்காதோ. ஓசீத்தின் வீடோ வெள்ளத்துக்குப் பயந்து தூண்மேல் ஏற்றிக் கட்டியது. ஏறி இறங்கவே நல்ல உடம்பு வேண்டும்.

அந்த மாதிரி இல்லத்துக்குக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் மூன்று இரவு மருத்துவமனையில் அட்மிட் ஆகியிருக்க வேண்டும். போன தடவை இரண்டே இரவில் அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை மூன்று இரவு ஆகிவிட்டது, ஆனால் ஓர் இரவுகூடக் கணக்கில்லை.

"உங்க சார் எங்க?" என்று எழுந்தாள் கோரீன்.

-

லூசியன் மாடியில் தன் அறையில் கண்ணாடி முன் நின்று டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சித்தி! நீலமா, பச்சையா? எதைக் கட்டிக்கட்டும் சாயங்காலத்துக்கு?"

"அம்மாவை அட்மிட் பண்ணு லூசியன்."

டையை அவிழ்த்த கை நின்றது. ஒரு நொடிதான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"டெல்ஃபீன் சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன? நீ ஏன்டா எங்கிட்ட சொல்லலை? ரெண்டு வருஷம் உன் ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதினேன். வாரா வாரம் வந்து இதே நாற்காலியில உக்காந்தேன். திரும்பி வர்றவங்களை ஒரு வார்டுல ஒளிச்சு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஒளிச்சு வைக்கலை சித்தி. அவங்களுக்கு வைத்தியம் நடக்குது. நல்ல வைத்தியம். சட்டத்துல இடம் இருக்கு. நீங்க கேட்ட எண்ணிக்கை எல்லாத்தையும் குடுத்தேன். கண்காணிப்புல இருக்கறவங்களை நீங்க கேக்கலை."

சுருக்கென்றது கோரீனுக்கு. கேட்கவில்லைதான்.

"நான் இங்க வந்தப்ப இந்த இடம் எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றான் லூசியன், குரலை உயர்த்தாமல். "திரும்பி வர்றவங்க ஜாஸ்தின்னு வருஷா வருஷம் வாஷிங்டன்லேர்ந்து அபராதம். இன்னொரு வருஷம் அப்படிப் போயிருந்தா பூட்டு போட்டிருப்பாங்க. பிரசவ வார்டு போயிருக்கும். பிள்ளை பெத்துக்க ரெண்டு மணி நேரம் கார்ல போகணும். இந்த வட்டாரத்துக்கே இருக்கறது இந்த ஒரு ஆஸ்பத்திரி. அதைக் காப்பாத்தினேன். வேற என்ன பண்ணியிருக்கணும்ங்கறீங்க? திரும்பி வர்றவங்க எண்ணிக்கைதான் ஒரு ஆஸ்பத்திரியோட மானம்னு க்ளாஸ்ல சொன்னது நீங்கதானே?"

சொன்னவள்தான். அதுவும் மேஜையைத் தட்டிச் சொன்னவள்.  அவன் பொய்யன் என்று திட்டிவிட்டுப் போக முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அவன் பொய்யனும் இல்லை.

"சரி, அதையெல்லாம் அப்புறம் பேசலாம். அம்மா? டாக்டர் உங்கிட்டயும் சொன்னாருல்ல?"

"சொன்னாரு." லூசியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "மூணே நாள் பொறுங்க சித்தி. போன தடவை அம்மா வீட்டுக்குப் போய் மாசம் முடிய இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். நான் கூடவே இருக்கேன். செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வந்தா அவங்க புது நோயாளி. அப்ப அட்மிஷன் போடறேன், மூணு ராத்திரி ஆனதும் இல்லத்துக்கு அனுப்பறேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை."

கோரீன் அவனையே பார்த்தாள். பெற்ற தாய் பழைய நோயாளியிலிருந்து புது நோயாளியாக மாறுவதற்கு நாள் பார்க்கிறானே இந்தப் பிள்ளை! அவன் முகத்தில் துளி வஞ்சகம் கிடையாது. அதுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது.

"அந்த மூணு நாளைக்குள்ள அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது சித்தி."

"எப்படித் தெரியும்?"

 லூசியன் மேஜைமேல் கிடந்த இரண்டு டைகளையும் மடித்து மடித்து வைத்தான்.

"நம்ம அம்மாவுக்கு மட்டும் வழக்கத்தை மாத்தினா மத்தவங்க சும்மா விடுவாங்களா?" என்றான் கடைசியில். "நாளைக்கு நீல வார்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. கேட்டா என்ன சொல்றது?"

-

கீழே வந்தவள், அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஓசீத்திடம் எதை மறைக்க முடியும்? தங்கையின் முகத்தைப் பார்த்தே பாதியைப் படித்துவிடுவாள், மீதியைக் கேட்டே வாங்கிவிடுவாள். சீட்டுக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றொன்றாகக் கேட்டாள். கோரீனும் சொல்லிவிட்டாள்.

"அப்ப என்னை அட்மிட் பண்ணினா அவனோட பேர் கெட்டுப்போகும்?"

"ஒரு ஆள்னால ஒண்ணும் ஆயிடாது அக்கா. ஆனா உன்னை அட்மிட் பண்ணினா மத்தவங்களையும் பண்ணணும். எல்லாரையும் பண்ணினா, அவன் குறைச்சதா சொன்னது எதுவும் குறையலைன்னு ஆயிடும். என் ஆய்வும் அதோட போச்சு."

"அப்படின்னா வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அட்மிஷன் வேண்டாம். என்னை வீட்டுல கொண்டுவிடு. என் துணியை எடு."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"டாக்டர் ஆயிரம் சொல்வான்!" ஓசீத்துக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "என் புருஷன் இறால் படகுல செத்தான். நான் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சோறு வடிச்சேன். எங்க வம்சத்துல இதுவரைக்கும் ஒருத்தன் மேடையேறி மாலை வாங்கினது கிடையாது. இன்னிக்கு என் பிள்ளை ஏறப்போறான். என் உடம்பாலயா அதுக்குக் கேடு வரணும்? போடி போ."

"உன் உயிரு அக்கா அது!"

"என் உயிருதானே? உன்னுதா?"

கோரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்காவது வா," என்றாள்.

"உன் வீட்டுல நீ எந்நேரம் இருக்க? புத்தகந்தான் இருக்கும். அதோட சேர்ந்து நானும் தூசி படிஞ்சு கிடக்கணுமா?" என்றாள் ஓசீத். பிறகு தங்கையின் கையை இழுத்து வீங்கிய விரல்களால் தட்டிக் கொடுத்தாள். "இன்னிக்கு உனக்கும் விருதுடி. ரெண்டு பேரும் ஒழுங்கா போய் வாங்கிட்டு வாங்க. மேடையில அவனைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா படி. மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்."

பக்கத்துக் கட்டில் கிழவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் ரெண்டாம் தடவைதான் வந்திருக்கேன்," என்றாள் யாரிடமென்று இல்லாமல். "எனக்கும் அட்மிஷன் இல்லையா அப்ப?"

கோரீன் காதில் விழாதவள் போல வெளியே வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

-

பல்கலைக்கழகத்தில் திருவிழாக் கோலம். துறையின் நீள நடைபாதைச் சுவர் முழுவதும் பழைய மாணவர்களின் படங்கள். இவர் இந்த மருத்துவமனைக்குத் தலைவர், அவர் அந்த மாநாட்டில் பேசினார், இன்னொருவர் மாநில ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று வரிப் பெருமை. இன்று புதிதாக மாட்டியது லூசியனின் படம், நட்ட நடுவில். அதற்குப் பக்கத்திலேயே ஆசிரியர் வரிசையில் கோரீன்.

டீன் ஓக்வான் படங்களை நிமிர்த்திவைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பயந்த மனிதர். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"வாங்க கோரீன்! நம்ம துறைக்கு அங்கீகாரம் குடுக்கற குழு மூணு பேரும் வந்தாச்சு. காபி குடிச்சிட்டிருக்காங்க. உங்க ஆய்வைப் பத்தி ஒரே புகழ்ச்சி. நான் தரையிலயே இல்லை, போங்க."

"டீன், ஆய்வுல தப்பு இருக்கு."

அவர் சிரித்தார். "எந்த ஆய்வுலதான் தப்பில்லை?"

"இது வேற மாதிரி. முழுசுமே தப்பு." நின்ற இடத்திலேயே சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"திங்கட்கிழமை பேசலாம்."

"இன்னிக்கு சாயங்காலம் நான் அதுக்கு விருது வாங்கணும் டீன். லூசியனைப் புகழ்ந்து படிக்கணும்."

"படிங்க! படிச்சிட்டு திங்கட்கிழமை திருத்திக்கலாம். கோரீன், உங்களுக்குத் தெரியாததா? இந்தத் துறையை வணிகக் கல்லூரியோட சேர்த்துடலாம்னு மேல துடிச்சிட்டிருக்காங்க. நமக்குன்னு சொல்லிக்க இருக்கறது இந்த ஒரு ஆய்வு, இந்தச் சுவர்ல இருக்கற இந்த முகங்க. அது போச்சுன்னா நீங்க, நான், அஞ்சு வாத்தியாருங்க, நூறு பிள்ளைங்க, எல்லாரும் தெருவுல. ஒரு ரெண்டு மணி நேரம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா?"

இரண்டு மணி நேரம். காலையில் மூன்று நாள் என்றான் ஒருவன். செவ்வாய்க்கிழமை என்றாள் ஒருத்தி. திங்கட்கிழமை என்கிறார் இவர். எல்லாருமே கொஞ்சமாகத்தான் கேட்கிறார்கள்.

கோரீனுக்கு அலுத்துப் போயிற்று. அவளைக் கோழை என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் சொந்த அக்காவே வேண்டாம் என்கிறாள். படிக்கத்தானே வேண்டும், படித்துவிட்டு வந்துவிடலாம் என்று அவள் தலையை ஆட்டினாள். டீன் அவள் தோளைத் தட்டிவிட்டுக் குழுவை வரவேற்க ஓடினார்.

-

தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி கிடையாது. மண்டபத்தின் ஓரத்தில் பெரிய பெரிய பாத்திரங்களில் நன்னீர் இறால் குழம்பும் சோறும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பழைய மாணவர்கள் தட்டை ஏந்திக்கொண்டே வந்து கோரீனைக் கட்டிக்கொண்டார்கள்.

"மேடம்! அப்படியே இருக்கீங்க!"

"பொய் சொல்லாதே, உனக்கு மார்க்கு போட்டு முடிச்சாச்சு."

எர்லீன் போர்க் என்பவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் கடைசி பெஞ்சு. இன்று வடக்கே ஒரு மருத்துவமனைக்குத் தலைவி. கோரீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்ககிட்ட சொல்லியே ஆகணும். உங்க ஆய்வைப் படிச்சிட்டு லூசியனைக் கூப்பிட்டேன். எப்படிப்பா பண்ணினேன்னு கேட்டேன். அவன் சொன்ன மாதிரியே நாங்களும் நீல வார்டு திறந்துட்டோம். ஒரே வருஷத்துல எண்ணிக்கை பாதியாப் போச்சு! எங்க பேட்ச்ல இன்னும் ரெண்டு மூணு பேர் திறக்கறாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"நல்லதும்மா," என்றாள் கோரீன்.  எர்லீன் ஊட்டிவிட்ட ஒரு வாய் குழம்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மேடையில் டீன் பேசினார், குழுவினர் பேசினார்கள், கைதட்டல் ஓய்ந்தது. வழக்கப்படி விருது பெறுகிறவனைப் பற்றி அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரே படிக்க வேண்டும். கோரீன் ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள். பின்னால் நாற்காலியில் லூசியன், நீல டை. அவள் பக்கம் பார்க்கவில்லை.

"லூசியன் மெலான்சோனை நான் முதன்முதலில் மாணவனாகச் சந்தித்தபோது..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது மண்டபத்தின் பின் கதவு திறந்தது.

ஓசீத்!

ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகும் ஊதாச் சட்டையைப் போட்டிருந்தாள். தலையைக்கூட வாரிக்கொண்டிருந்தாள். காலில் மட்டும் மருத்துவமனைச் செருப்பு. வேறெதுவும் அந்தப் பாதத்தில் நுழைந்திருக்காது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரன் தோள் கொடுத்தான். ஓரடி வைப்பாள், நிற்பாள், எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள், அடுத்த அடி வைப்பாள். முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

லூசியன் எழுந்துவிட்டான். தாய் கையை ஆட்டி, உட்கார்டா என்று சைகை காட்டினாள். அவன் பாதி எழுந்தவாறே நின்றான்.

கோரீன் படித்துக்கொண்டே போனாள். நிறுத்தத் தெரியாமல் படித்தாள் என்பதுதான் உண்மை. கண் அக்காவின் மேலேயே இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"அவர் கவனிப்பில் குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்பி வருவதில்லை."

கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் ஓசீத். தட்டிக்கொண்டே இருமினாள். இருமல் நிற்கவில்லை. இருமலுக்கு நடுவிலும் தட்டுவதை அவள் விடவில்லை.

கோரீன் தாளைக் கீழே வைத்தாள்.

"இல்லை," என்றாள் ஒலிபெருக்கியில். "வர்றாங்க."

கைதட்டல் அங்கங்கே தேய்ந்து நின்றது.

"இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க என் அக்கா. லூசியனோட அம்மா. திரும்பி வந்தவங்க. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அந்த ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்தாங்க. இவங்களை மாதிரி எத்தனையோ பேர் வந்து கிடந்தாங்க. அட்மிஷன் போடாம வச்சிருந்ததால நான் அவங்கள எண்ணலை. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. நீங்க கைதட்டின ஆய்வு தப்பு. அதை எழுதினது நான். அவனைத் திட்டாதீங்க, நான் கத்துக்குடுத்ததைத்தான் அவன் பண்ணினான்."

டீன் ஓக்வான் கண்களை மூடிக்கொண்டார். அங்கீகாரக் குழுவில் ஒருவர் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

கூட்டத்தின் நடுவே எர்லீன் எழுந்து நின்றாள். கையில் தட்டு அப்படியே இருந்தது. "மேடம்," என்றாள் சின்னப் பெண் மாதிரி. "அப்ப எங்களுது?"

கோரீன் ஒலிபெருக்கியை விட்டு நகர்ந்தாள். திரும்பி லூசியனைப் பார்த்தாள்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போடா. அட்மிட் பண்ணு. செவ்வாய்க்கிழமை இல்லை, இப்ப."

"கோரீன்!"

கத்தியது ஓசீத். இத்தனை இருமலுக்கும் இளைப்புக்கும் நடுவே அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ! "என் பிள்ளையை ஊர் நடுவுல நிக்க வச்சு அவமானப்படுத்திட்டியேடி! நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? என்ன சொன்னேன்? பாவி!"

லூசியன் மேடையிலிருந்து குதித்து இறங்கினான். தாய் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். "போ, போய் அதை வாங்கு. உன் பேர் போட்டிருக்கு. போடா!" என்று அழுதாள். அவன் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்குவது போல அவளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தான். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

கோரீன் பின்னாலேயே ஓடினாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லூசியன் காரின் பின் ஆசனத்தில் தாயைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, ஒரு கையால் அவள் முதுகைத் தடவியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"டெல்ஃபீன், டாக்டரைக் கூப்பிடு. அட்மிஷன் போடச் சொல்லு. ஆமா, எங்க அம்மாதான்... இல்லை, புதுசு இல்லை. திரும்பி வந்தவங்கன்னே போடு." கொஞ்சம் நிறுத்தினான்.  "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் போடச் சொல்லு. அந்த வார்டுல யார் யாருக்கு டாக்டர் வேணும்ங்கறாரோ, எல்லாருக்கும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். சித்தியைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள் கோரீன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கண் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். அவள் ஏறட்டும் என்று பின் கதவை விட்டு ஓரடி விலகி நின்றான்.

கோரீன் குனிந்து உள்ளே ஒரு காலை வைத்தாள். "அக்கா," என்றாள்.

ஓசீத் அவளைப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த ஆசனத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது.

"கதவைச் சாத்துடா லூசியன்," என்றாள். "அவ வரவேண்டாம்."

லூசியன் ஒரு கணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சித்தியின் கையை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டு, கதவைச் சாத்தினான்.